கண்ணாடியில் ஆடும் கூத்து
இயற்கையின் சமச்சீர்மையும் பழைய ஆன்மிக மரபுகளும்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வகத்தின் வளாகத்தில் இரண்டு மீட்டர் உயரமுள்ள நடராசர் படிமம் ஒன்று இருக்கிறது. இந்திய அரசு அன்பளிப்பாக வழங்கியது. 2004 ஜூன் 18 அன்று திறந்துவைக்கப்பட்டது. அருகிலுள்ள பலகையில் ஃபிரிட்ஜாஃப் காப்ராவின் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. இயற்பியலின் தாவோ என்ற பொருள்படும் தலைப்பில் 1975இல் அவர் எழுதிய நூல்தான், சிவன் ஆடும் கூத்தும் அணுவுக்குள் துகள்கள் தோன்றி மறைவதும் ஒன்றே என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது. அந்தப் படிமத்தின் நிழற்படம் இன்று நம் மேடைகளில் சான்றிதழ் போலக் காட்டப்படுகிறது. அணு விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று ஒரு சாரார் மகிழ்கிறார்கள். அரசாங்கம் கொடுத்த பரிசுப் பொருள், அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது என்று மறுசாரார் ஒதுக்குகிறார்கள். இரண்டு பேச்சும் அவசரப் பேச்சு என்பது என் கருத்து.

இன்று நான் நிறுவ முயல்வது ஒன்றே ஒன்று. எல்லாம் மாறிக்கொண்டிருக்கும்போது மாறாமல் இருப்பது எது என்ற கேள்வி, பழைய ஆன்மிக மரபுகளுக்கும் இன்றைய அடிப்படை இயற்பியலுக்கும் பொதுவானது. விடை பொதுவானதில்லை. விடையும் ஒன்றே என்று சாதிப்பவர்கள் இயற்பியலைக் குறைக்கிறார்கள். அவர்கள் உயர்த்த நினைக்கும் சமயத்தை அதைவிட அதிகமாகக் குறைக்கிறார்கள்.

1

சமச்சீர்மை என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். அதற்கு நம் பூசை அறைகளில் போடும் ஹிருதய கமலக் கோலமே போதும். நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி எட்டுத் திசையிலும் எட்டு வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி. உள்ளிருந்து வெளியே அவற்றுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுங்கள். முதல் வரிசையின் 1ஆம் புள்ளியிலிருந்து அடுத்த வரிசையின் 3ஆம் புள்ளிக்கு இழுக்க வேண்டும். அங்கிருந்து அதற்கடுத்த வரிசையின் 5ஆம் புள்ளி, பிறகு 2, பிறகு 4, மறுபடி 1. இப்படியே வலமாகச் சுற்றி வந்தால், நாற்பது புள்ளிகளையும் தொட்ட பிறகுதான் இழை தொடங்கிய இடத்தில் வந்து சேரும். ஐந்துக்கும் எட்டுக்கும் ஒன்றைத் தவிர வேறு பொது வகுத்தி கிடையாது. அதனால்தான் இழை நடுவழியில் மூடிக்கொள்வதில்லை.

முடிந்த கோலத்தை 45 பாகை திருப்பிப் பாருங்கள். திருப்பியதே தெரியாது. ஒன்றைச் செய்த பிறகும் செய்யாதது போலவே இருந்தால், அந்தச் செயலைப் பொறுத்து அது சமச்சீரானது. ஹெர்மான் வைல் என்ற கணித அறிஞர் சமச்சீர்மைக்குக் கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான். இப்போது அதே கோலத்தின் பக்கத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்துங்கள். நேர்க் கோலத்தில் வலமாக நகரும்போது 1இலிருந்து 3க்குப் போகும் இழை, கண்ணாடிக் கோலத்தில் 1இலிருந்து 4க்குப் போகிறது. எப்படித் திருப்பி வைத்தாலும் இரண்டும் பொருந்தாது. சுழற்சியில் சமச்சீர், கண்ணாடியில் சமச்சீரின்மை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுக்கு வரும்போது தேவைப்படும்.

இயற்பியல் இந்தச் செயலை உருவங்களிலிருந்து விதிகளுக்கு மாற்றியது. ஒரு சோதனையை இன்று செய்தாலும் நாளை செய்தாலும், சென்னையில் செய்தாலும் யாழ்ப்பாணத்தில் செய்தாலும், மேசையைக் கிழக்கு நோக்கித் திருப்பினாலும் வடக்கு நோக்கித் திருப்பினாலும் அடிப்படை விதி மாறாது. கேட்பதற்கு மிகச் சாதாரணமான உண்மை. இதற்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த எம்மி நோதர் 1918இல் வெளியிட்ட தேற்றம் காட்டியது. விதிகளில் இத்தகைய தொடர்ச்சியான சமச்சீர்மை ஒவ்வொன்றுக்கும், மாறாத அளவு ஒன்று உண்டு. விதிகள் காலத்தால் மாறாதவை என்பதால் ஆற்றல் அழிவதில்லை. இடத்தால் மாறாதவை என்பதால் உந்தம் மாறுவதில்லை. திசையால் மாறாதவை என்பதால் கோண உந்தம் மாறுவதில்லை. பள்ளியில் தனித்தனியாகப் படித்த விதிகள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று தெரிந்தது. பெண் என்பதால் பல்கலைக்கழகம் அவருக்குப் பல ஆண்டுகள் பதவியும் ஊதியமும் தராமல் வைத்திருந்தது; 1933இல் யூதர் என்பதால் வேலையிலிருந்தே நீக்கப்பட்டார். மாற்றத்துக்கு நடுவில் மாறாதது எது என்ற பழைய கேள்விக்கு, அளந்து பார்க்கத்தக்க விடையை முதலில் தந்தவர் அவர் என்று சொல்வது மிகையாகாது.

2

அப்படியானால் பழைய மரபுகளின் பங்கு என்ன? வானியலாளர் கெப்ளரின் வாழ்க்கையில் இதற்கு நல்ல விடை கிடைக்கிறது. வட்டமே முழுமையான வடிவம், வானுலகப் பொருள்களுக்கு வட்ட இயக்கமே தகும் என்பது கிரேக்க மரபின் நம்பிக்கை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அது அசைக்க முடியாததாக இருந்தது. கெப்ளர் ஆழ்ந்த இறைப்பற்று உடையவர்; கடவுள் வடிவியலைக் கொண்டே உலகைப் படைத்தார் என்று நம்பியவர். அவர் காலத்தில் அறியப்பட்ட கோள்கள் ஆறு. அவற்றுக்கு இடைவெளி ஐந்து. சீரான திண்மங்களும் ஐந்தே. ஒன்றுக்குள் ஒன்றாக அவற்றை அடுக்கி 1596இல் ஒரு பிரபஞ்ச வரைபடத்தையே வெளியிட்டார். அழகான கருத்து. முழுக்கத் தவறானது.

அதே கெப்ளருக்குப் பின்னாளில் வானியலாளர் டைக்கோ பிராகியின் அளவீட்டுக் குறிப்பேடுகள் கிடைத்தன. செவ்வாயின் பாதையை வட்டங்களைக் கொண்டு எவ்வளவோ பொருத்திப் பார்த்தார். கடைசியில் 8 கலை அளவு வேறுபாடு எஞ்சி நின்றது. முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அது. டைக்கோவின் அளவீட்டில் அவ்வளவு பிழை வராது என்று அவருக்குத் தெரியும். வட்டத்தைக் கைவிட்டார். 1609இல் நீள்வட்டப் பாதையை அறிவித்தார்.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் தவறவிடக் கூடாது. அதே நூலில் கெப்ளர் இன்னொன்றும் சொன்னார்: கோளையும் கதிரவனையும் இணைக்கும் கோடு சம காலத்தில் சமப் பரப்பைக் கடக்கிறது. கோண உந்தம் மாறாமல் இருக்கிறது என்பதைத்தான் இந்த விதி வேறு சொற்களில் சொல்கிறது. நோதரின் தேற்றப்படி அதன் பொருள், கதிரவனின் ஈர்ப்பு விதிக்கு எல்லாத் திசையும் ஒன்றே என்பது. கிரேக்கர் வட்டத்தில் கண்டு வணங்கிய அந்தத் திசைச் சமத்துவம் பாதையின் வடிவத்தில் இல்லை, விதிக்குள் இருக்கிறது. புனிதமான வட்டத்தை விட்டுக்கொடுத்த மனிதர்தான் அதன் உண்மையான இருப்பிடத்துக்கு வழி காட்டினார். உலகுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்ற சமய நம்பிக்கைதான் அவரைப் பல்லாண்டு கணக்குப் போட வைத்தது. அது கொடுத்த விடையைத் தள்ளியது 8 கலை. இரண்டும் சேர்ந்துதான் கெப்ளர். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறவர்கள் அவரைப் பாதியாக வெட்டுகிறார்கள்.

3

இனி கண்ணாடிக்கு வருவோம். தில்லையில் கூத்தன் தூக்கியது இடக்கால். மதுரை வெள்ளியம்பலத்தில் வலக்கால். நாட்டியம் கற்ற இராசசேகர பாண்டியன், ஒரே காலில் நின்று ஆடும் இறைவனுக்கு எவ்வளவு வலிக்கும் என்று உருகி, கால் மாற்றி ஆடும்படி வேண்டினான் என்பது திருவிளையாடல் சொல்லும் கதை. இடம் வலமாக மாறினாலும் கூத்து கூத்தே. அடியவனின் அன்புக்காக இறைவன் காலை மாற்றிக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு ஒரு குறையும் வராது.

1956 வரை இயற்பியலாளர்களும் இயற்கையைப் பற்றி ஏறக்குறைய இதையே நம்பினார்கள். எந்த நிகழ்வையும் கண்ணாடியில் பார்த்தால், அங்கே தெரிவதும் இயற்கையில் நடக்கக்கூடிய நிகழ்வாகவே இருக்கும் என்பது அந்த நம்பிக்கை. அந்த ஆண்டில் சுங்-டாவ் லீ, சென் நிங் யாங் என்ற இரண்டு இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். பீட்டா சிதைவை உண்டாக்கும் வலுக்குறைந்த அணுக்கரு விசையில் இதை யாராவது சோதித்தார்களா? தேடிப் பார்த்தால், ஒருவரும் சோதித்திருக்கவில்லை. சியன்-ஷியுங் வூ என்ற சீனப் பெண் விஞ்ஞானி, வாஷிங்டனில் தாழ்வெப்பநிலை அறிஞர்களுடன் சேர்ந்து அதைச் செய்தார். கோபால்ட்-60 அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மேலே ஒரு பாகையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குக்குக் குளிர்வித்து, காந்தப் புலத்தால் அவற்றின் சுழற்சி அச்சுகளை ஒரே திசையில் நிறுத்தி, எலக்ட்ரான்கள் எந்தப் பக்கம் அதிகமாக வெளிவருகின்றன என்று எண்ணினார்.

இதைப் புரிந்துகொள்ளப் பம்பரம் போதும். தரையில் சுழலும் பம்பரத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியை நிமிர்த்தி வையுங்கள். வலமாகச் சுழல்வது கண்ணாடியில் இடமாகச் சுழலும். கீழே சிந்துவது கண்ணாடியிலும் கீழேதான் சிந்தும். வூவின் அணுக்கள், ஒரு பக்கமாகச் சுழலும்போது எலக்ட்ரான்களைப் பெரும்பாலும் கீழே சிந்தின என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் தெரிவது, எதிர்ப்பக்கமாகச் சுழன்றுகொண்டு கீழே சிந்தும் அணுக்கள். உண்மையில் எதிர்ப்பக்கமாகச் சுழலவிட்டால் அவை மேலே சிந்துகின்றன. கண்ணாடிக்குள் தெரியும் நிகழ்வு இயற்கையில் இல்லை. எந்தத் திசையில் திருப்பினாலும் விதி மாறாது. கண்ணாடியில் பார்த்தால் மாறுகிறது. நம் ஹிருதய கமலத்தைப் போல.

1957 ஜனவரியில் இந்த முடிவு வெளிவந்தபோது நிபுணர்கள் அதிர்ந்தார்கள். கடவுள் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதை நம்பமாட்டேன் என்ற கருத்தில் இயற்பியலாளர் வொல்ஃப்காங் பவுலி அந்த மாதம்தான் நண்பருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அழகைப் பற்றிய அவருடைய உணர்வு தோற்றது. அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஒரு சமச்சீர்மையை எவ்வளவு நேசித்தாலும், அது பொய் என்று இயற்கை சொல்லிவிட்டால் கைவிட வேண்டும் என்ற இந்த ஒப்பந்தம்தான் இயற்பியலின் உயிர். நோபல் பரிசு அந்த ஆண்டே லீக்கும் யாங்குக்கும் கிடைத்தது. வூவுக்குக் கிடைக்கவில்லை, அது பெரிய அநீதி.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கோட்டயத்தை அடுத்த பள்ளம் என்ற ஊரில் பிறந்து, தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர் இ. சி. ஜி. சுதர்சன். அவரும் ராபர்ட் மார்ஷக்கும் 1957இல் வலுக்குறைந்த விசைக்குரிய பொது வடிவத்தை முன்வைத்தபோது, நான்கு சோதனைகள் அதற்கு எதிராக நின்றன. அவர்கள் பின்வாங்கவில்லை, அந்தச் சோதனைகளை மறுபடி செய்து பாருங்கள் என்றார்கள். அப்படியானால் அங்கே உள்ளுணர்வுதானே சோதனையை வென்றது என்று கேட்கலாம். இல்லை. சோதனைகள் மறுபடி செய்யப்பட்டன; முடிவுகள் மாறின; அதற்குப் பிறகே கொள்கை நின்றது. பையான் துகள் எலக்ட்ரானாகச் சிதைவதை 1958இல் கண்டறிந்து, அந்தத் தடைகளில் ஒன்றை நீக்கிய இடம், இன்று நடராசர் நிற்கும் அதே செர்ன். வேதாந்தத்தில் சுதர்சனுக்கு இருந்த ஆழ்ந்த ஈடுபாடு ஊரறிந்தது. தம் கொள்கைக்குச் சாட்சியாக அவர் வேதாந்தத்தை நிறுத்தவில்லை.

4

இப்போது மிக வலுவான எதிர்வாதத்தை எடுத்துக்கொள்வோம். சாங்கியம் சொல்லும் மூலப்பகுதி, மூன்று குணங்களும் சமநிலையில் இருக்கும் நிலை. அந்தச் சமநிலை குலையும்போது உலகம் விரிகிறது. இன்றைய இயற்பியலும் தொடக்கத்தில் கூடுதல் சமச்சீர்மை இருந்தது, அது முறிந்ததால்தான் துகள்கள் நிறை பெற்றன என்கிறது. 1964இல் எழுந்த அந்தக் கருத்தை, 2012 ஜூலை 4 அன்று செர்ன் அறிவித்த ஹிக்ஸ் துகள் உறுதிப்படுத்தியது. பொருளும் எதிர்ப்பொருளும் முற்றிலும் சமமாக இருந்திருந்தால் ஒன்றையொன்று அழித்து ஒளி மட்டுமே மிஞ்சியிருக்கும். ஏறத்தாழ நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவில் பொருள் மிகுந்ததால்தான் நாம் இருக்கிறோம். முழுச் சமநிலையில் உலகம் இல்லை, குலைவில்தான் உலகம் என்பதை இரு தரப்பும் சொல்கின்றனவே?

ஒப்புமை உண்மையானது. அதை மறைக்க வேண்டியதில்லை. மனித அறிவு இவ்வளவு தொலைவு எட்டிப் பார்த்தது என்று மகிழவும் செய்யலாம். ஆனால் ஒவ்வொன்றும் எதைத் தடுக்கிறது என்று கேளுங்கள். சமச்சீர்மை முறிவுக் கொள்கை, இன்ன நிறையுடைய டபிள்யூ, இசட் துகள்கள் இருந்தாக வேண்டும் என்றது. 1983இல் அவை கிடைத்திராவிட்டால் கொள்கை வீழ்ந்திருக்கும். சாங்கியத்தின் குணச் சமநிலை எந்த எண்ணையும் சொல்லவில்லை, சொல்ல முனையவும் இல்லை. அது மூவகைத் துன்பத்திலிருந்து விடுபடுவது எப்படி என்று கேட்டுத் தொடங்கும் நூல்மரபு. துன்பத்திலிருந்து விடுதலை தேடிய ஒரு பெரும் சிந்தனையைத் துகள் இயற்பியலின் முன்னுரையாக்கினால், அது தேடிய பொருள் காணாமல் போகும்.

நடராசருக்கு நேர்ந்ததும் அதுவே. அந்த வடிவத்தின் தத்துவத்தை மேலைநாட்டவருக்கு உணர்த்தியவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. நோதரின் தேற்றம் வெளிவந்த அதே 1918இல்தான் சிவ நடனம் பற்றிய அவருடைய கட்டுரைத் தொகுதியும் நூலாயிற்று. அவர் முதலில் கனிமவியலாளர். தோரியானைட் என்ற கதிரியக்கக் கனிமம் 1904இல் இலங்கையில் அவர் முயற்சியால்தான் தெரியவந்தது. அணுச் சிதைவை அறிந்த விஞ்ஞானி. ஆயினும் சிவனின் கூத்துக்குப் பொருள் தேடியபோது உண்மை விளக்கம், திருமந்திரம் முதலிய தமிழ் நூல்களிடம்தான் போனார். அந்த மரபில் தொழில் ஐந்து. துடியில் படைத்தல், அமைந்த கையில் காத்தல், தீயில் அழித்தல், ஊன்றிய காலில் மறைத்தல், தூக்கிய காலில் அருளல். துகள்கள் தோன்றுவதற்கும் அழிவதற்கும் முதல் மூன்றை எப்படியோ பொருத்திவிடலாம். மறைத்தலுக்கும் அருளலுக்கும் எந்தத் துகளைக் காட்டுவது? சைவ சித்தாந்தத்துக்குக் கூத்தின் உச்சமே தூக்கிய திருவடி. அணுக்கூத்து என்று சொன்னவுடன் முதலில் வெட்டுப்படுவது அந்த அடிதான்.

5

மறுசாரார்க்கும் ஒரு சொல் உண்டு. சமய மரபுக்கும் இயற்பியலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஷ்ரோடிங்கர் தம் அலைச் சமன்பாட்டுக்கு முந்தைய ஆண்டான 1925இலேயே வேதாந்தச் சாயலுள்ள தம் உலகநோக்கை எழுதிவைத்தார். நீல்ஸ் போர் 1947இல் தம் குலச் சின்னத்தில் சீனர்களின் யின்-யாங் வடிவத்தைப் பொறித்துக்கொண்டார். (மரே கெல்-மான் தம் துகள் வகைப்பாட்டுக்குப் புத்தரின் எண்வழியைப் பெயராக இட்டதை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம், அது விளையாட்டாக வைத்த பெயர் என்று அவரே சொல்லிவிட்டார்.) எண்ணம் எங்கிருந்து ஊறியது என்பது ஒரு கேள்வி, அது சரியா என்பது இன்னொரு கேள்வி. ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டை உலகம் ஏற்றது, ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளை அது சரியாகக் கணித்ததால்.

இதைத் தெளிவாக்க அப்துஸ் சலாமையும் ஸ்டீவன் வைன்பர்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். மின்காந்த விசையையும் வலுக்குறைந்த விசையையும் ஒரே சமச்சீர்மைக்குள் கொண்டுவரும் கொள்கையை 1967-68இல் இருவரும் தனித்தனியாகக் கண்டார்கள். சலாம் தொழுகை தவறாத முஸ்லிம்; 1979இல் நோபல் விருந்தில் பேசும்போது, படைப்பில் குறை காண முடியாது என்ற குர்ஆன் கருத்தை நினைவுகூர்ந்தவர். வைன்பர்க் வெளிப்படையான இறைமறுப்பாளர். இருவர் எழுதிய கொள்கையும் ஒன்று. சலாமை அந்தத் தேடலுக்குத் தூண்டியது அவருடைய இறைநம்பிக்கை. அதை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. கொள்கையின் எந்த வரியிலும் நம்பிக்கைக்கோ நம்பிக்கையின்மைக்கோ இடம் இல்லை. இதையும் யாரும் மாற்ற முடியாது.

நம் மரபில் அறிவு எங்கே இருக்கிறது என்று தேடுவோருக்கு ஒரு நல்ல முன்னுதாரணமும் சொல்கிறேன். சுதர்சன் படித்த அதே கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தவர்களும், கோலங்களின் ஒழுங்கை முறைப்படுத்தும் வரிசை இலக்கணங்களை 1974இல் வெளியிட்டார்கள். கணினி அறிவியல் அறிஞர்கள் அதை இன்றும் எடுத்துப் படிக்கிறார்கள். அவர்கள் கோலத்தில் கணினி இருந்தது என்று சொல்லவில்லை. வாசலில் பெண்கள் கையில் இருந்த ஒழுங்கை, இருந்தபடியே மதித்து, அதன் விதிகளை எழுதினார்கள். ஹிருதய கமலத்தை முதலில் போட்டவருக்கு ஐந்தும் எட்டும் பொருந்தும் விதம் தெரிந்திருந்தது. கோபால்ட் அணு தெரிந்திருக்கவில்லை. முதலாவதே போதிய பெருமை.

அவையில் உள்ள ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். சமச்சீர்மையைப் பாடம் சொல்லும் நாளில் பிள்ளைகளை ஹிருதய கமலம் போடச் சொல்லுங்கள். திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் கண்ணாடி வைத்து, இழை 1இலிருந்து எங்கே போகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு பம்பரம் விட்டுக் காட்டி, வூவின் சோதனையைச் சொல்லுங்கள். தில்லையையும் வெள்ளியம்பலத்தையும் அதே வகுப்பில் சொல்லத் தயங்க வேண்டாம். அணுவின் இரகசியத்தை அவை முன்பே சொல்லிவிட்டன என்று மட்டும் சொல்லாதீர்கள்.